இடம் கொடுத்தோம், மடத்தையே கேட்டார்கள்!

(சிட்னித் தமிழர்களின் பொங்கல் விழாவில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றம். தலைப்பு: ‘விளையாட்டைத் தொலைக்காட்சி வளர்த்ததா? வளைத்ததா?’ ‘வளைத்ததே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

அன்பும் நகைச்சுவையும் குறையாத நடுவர் அவர்களே, என் அணித்தலைவர் அவர்களே, தோற்கப்போவது தெரிந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே (சிரிப்பு), பொங்கலைச் சாப்பிட்ட மயக்கத்திலும் கண்ணை விரித்து வைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் மேடை ஏறும்போது காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னைப் பிடித்து நிறுத்தினார். “சார், உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம். பத்தாவது நிமிஷத்துல ஒரு ஜோக் வந்தா நல்லா இருக்கும். அங்கதான் விளம்பரம் போடப் போறோம்” அப்படின்னார். (சிரிப்பு) நடுவர் அவர்களே, என் கட்சி அங்கேயே ஜெயிச்சிடுச்சு. பேச வந்தவன் நான். சிரிக்க வந்தவங்க நீங்க. எப்போ சிரிக்கணும்னு முடிவு பண்றது அந்தத் தம்பி! (பலத்த கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். டிவி இல்லாவிட்டால் கிரிக்கெட் ஏது என்று கேட்டார்கள். நான் கிரிக்கெட்டுக்குப் போகவில்லை. நாம் குடியிருக்கிற இந்த ஊரின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ரக்பி லீக். இங்கே இருக்கிறவங்க ‘ஃபுட்டி’ன்னு செல்லமா கூப்பிடுற ஆட்டம்.

இந்தியாவிலிருந்து நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு 13 பேர். 80 நிமிஷம். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைத் தூக்கிக்கிட்டு ஓடுறவனை நாலு பேர் சேர்ந்து மடக்கிக் கீழே தள்ளணும். ஆறு தடவை மடக்கிட்டா பந்து எதிராளிக்கு. நம்ம கபடியில தொட்டுட்டு ஓடி வந்துடலாம். இங்கே தொட்டவன் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். (சிரிப்பு)

நான் 1998இல் இந்த ஊருக்கு வந்தேன். ஒரு அறையில் நாலு பேர். வேலை ஒரு சரக்குக் கிடங்கில், பெட்டி தூக்குவது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் புத்தகத்து ஆங்கிலம். அங்கே பேசினது வேற ஆங்கிலம். ‘குட் டே மேட்’ என்று ஒருத்தர் சொன்னதற்கு, ‘இல்லை சார், இன்னைக்கு வியாழக்கிழமை’ன்னு பதில் சொன்னவன் நான். (சிரிப்பு) மூணு மாசம் யாரும் என்கூட அதிகம் பேசல. நானும் பேசல.

அப்போ ஒரு நாள், தெருவோரத்தில் யாரோ தூக்கிப் போட்டிருந்த ஒரு டிவியை நாங்க நாலு பேரும் சுமந்துக்கிட்டு வந்தோம். அதுல வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்டி பார்த்தோம். திங்கட்கிழமை காலையில தேநீர் இடைவேளையில, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட, “நேத்து... இல்ல, முந்தாநாளுக்கு முந்தாநாள் மேட்ச் பார்த்தேன்”னு சொன்னேன். அந்த மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்ந்துட்டார். அரை மணி நேரம் பேசினார். எனக்குப் புரிஞ்சது பத்துல ரெண்டு வார்த்தை. ஆனா இந்த நாட்டுல என்னை மனுஷனா மதிச்சுப் பேசின முதல் அரை மணி நேரம் அது.

எதிரணி நண்பர்கள் எழுதிக்கொள்ளுங்கள்! “டிவியாலதானே உனக்கு அந்த நட்பு வந்தது?” ஆமாம். ஒப்புக்கொள்கிறேன். டிவியிடம் எனக்குக் கடன் இருக்கிறது. அந்தக் கடனை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அந்தப் பெரியவருக்கு அப்போது 61 வயது. பிறந்தது வளர்ந்தது ரெட்ஃபெர்ன் பக்கம். கழுத்தில் எப்போதும் சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு கம்பளித் துண்டு. சவுத் சிட்னி அணியின் நிறம். 1908 ஜனவரியில் ரெட்ஃபெர்ன் நகர மண்டபத்தில் தொடங்கிய அணி. ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் பிறந்தபோதே பிறந்த அணி. அதற்கு ‘முயல்காரர்கள்’ என்று செல்லப் பெயர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஏழை ஜனங்கள் தெருத் தெருவாக முயல் கறி கூவி விற்பார்களாம். ஆட்டக்காரர்களே காலையில் முயல் விற்றுவிட்டு மத்தியானம் ஆட வருவார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்ம ஊர்ல மீன் விக்கிற அம்மா கூவுற மாதிரி ஒரு கூவல்தான் அந்த அணிக்குப் பெயர்.

நடுவர் அவர்களே, இந்த ஆட்டத்தின் பிறப்பையே பாருங்கள். 1895 ஆகஸ்ட் 29. இங்கிலாந்தின் வடபகுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊர். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை ஆடப் போனால் அவனுக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. காசு வாங்கி ஆடுவது கௌரவம் இல்லை என்று ரக்பியின் பெரிய மனிதர்கள் மறுத்தார்கள். ‘உங்க கௌரவம் உங்ககிட்டயே இருக்கட்டும்’ என்று வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து வந்தன. அப்படிப் பிறந்தது ரக்பி லீக். நாள் கூலிக்காகப் பிறந்த ஆட்டம் ஐயா இது! (கைதட்டல்)

இந்த ஆட்டத்துக்கு டிவி நல்லது செய்யவே இல்லையா? செய்தது. நான் மறைக்க மாட்டேன். 1965இல் பிபிசியின் இரண்டாவது சேனல், ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஒரு கோப்பைப் போட்டியைத் தொடங்கியது. அப்போது அந்த சேனலுக்குத் தலைமை யார் தெரியுமா? டேவிட் அட்டன்பரோ. காட்டு மிருகங்களைக் காட்டுவாரே, அந்தப் பெரியவர்தான். முதலில் ரக்பி லீக்கைப் பார்த்துப் பழகியதால்தான் அவருக்கு கொரில்லாவிடம் பயம் இல்லாமல் போயிருக்கும்! (சிரிப்பு) அந்தக் காலத்தில் இத்தனை முறைதான் மடக்கலாம் என்ற கணக்கே கிடையாது. ஒரு அணியே பந்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கலாம். 1966இல் அந்த டிவி கோப்பையில்தான் நாலு முறை மடக்கினால் பந்து கை மாற வேண்டும் என்று சோதனை செய்தார்கள். ஆட்டம் விறுவிறுப்பானது. விதி நிலைத்தது. பிறகு நாலு ஆறானது.

அடுத்து விளம்பரம். 1989இல் இங்கே நியூ சவுத் வேல்ஸ் லீக் என்ன செய்தது? டினா டர்னர் என்ற அமெரிக்கப் பாடகியைக் கூட்டி வந்தது. ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்தி ஓடுவதைக் காட்டி, மேலே அந்த அம்மாவின் குரலை விட்டார்கள். அதுவரை ‘இது ஆம்பளைங்க சண்டை’ என்று திரும்பிப் பார்க்காத பெண்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். 1993 இறுதி ஆட்டத்தில் அந்த அம்மா நேரிலேயே வந்து பாடினார்.

அதுவரைக்கும் டிவி விருந்தாளி. வந்தது, உட்கார்ந்தது, சாப்பிட்டது, மொய் வைத்தது. எனக்கு அதில் வழக்கே இல்லை. நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கின கதை. அந்தக் கதை எப்போ ஆரம்பிக்குது தெரியுமா? 1995.

அந்த வருஷம்தான் மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் டிவி ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. சந்தா கட்ட ஜனங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே? ஃபுட்டி! ஒரு பக்கம் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் நிறுவனம். இன்னொரு பக்கம் கெர்ரி பேக்கரும் ஆப்டஸ் நிறுவனமும். ஒளிபரப்பு உரிமை இந்தப் பக்கம் இருந்தது. உரிமை கிடைக்காத மர்டாக் தரப்பு என்ன யோசித்தது? ‘உரிமையை ஏன் வாங்கணும்? ஆட்டத்தையே வாங்கிடுவோம்!’ மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் தேதியிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஏப்ரல் முதல் தேதி! யார் முட்டாள் ஆனார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். (சிரிப்பு)

ஒரே வாரத்தில் அது இங்கிலாந்துக்கும் போனது. கடைசியில் ஐந்து வருஷத்துக்கு 8 கோடியே 70 லட்சம் பவுண்டு. நூறு வருஷமாகக் குளிர்காலத்தில் ஆடிய ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றினார்கள். அதோடு விட்டார்களா? பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகளை ஒன்றாக்கச் சொன்னார்கள். காஸில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டோன் மூன்றும் சேர்ந்து ‘கால்டர்’ என்று ஒரே அணி! ஃபெதர்ஸ்டோன் ஒரு சின்ன சுரங்க ஊர். 1967, 1973, 1983 என்று மூன்று முறை சேலஞ்ச் கோப்பையை வென்ற ஊர். அந்த ஊர்க்காரனிடம் போய் ‘நாளையிலிருந்து உன் ஊர் பேர் கால்டர்’ என்றால் விடுவானா? மூணு அண்ணன் தம்பி குடும்பத்தை ஒரே சமையலறையில் விட்டாலே என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? (சிரிப்பு) ஜனங்கள் கொடி பிடித்தார்கள், தெருவில் இறங்கினார்கள். சில வாரங்களிலேயே அந்த இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, டிவி தானே பெற்ற பிள்ளைகளையாவது வளர்த்ததா? கணக்குப் பார்ப்போம். பாரிஸில் ஒரு அணி. 1996 மார்ச் 29, முதல் ஆட்டத்துக்கு 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1997 முடிந்ததும் அணி இல்லை. அடிலெய்டில் ஒரு அணி. 1997, 98, இரண்டே வருஷம். நியூகாஸிலில் ‘ஹண்டர் மரினர்ஸ்’ என்று ஒரு அணி. ஒரே வருஷம்!

அந்த நியூகாஸிலைக் கொஞ்சம் நில்லுங்கள், பார்ப்போம். இரும்பாலை ஊர். 1997 ஏப்ரலில் பிஎச்பி நிறுவனம் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் ரெண்டு லீக், ரெண்டு இறுதி ஆட்டம். அந்த ஒரே ஊரில் ரெண்டு அணி. டிவி பெற்ற மரினர்ஸ் ஒன்று, ஊர் பெற்ற நைட்ஸ் ஒன்று. மரினர்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை. நைட்ஸ் பழைய லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போய், மேன்லியோடு மோதி, சமநிலையில் நின்று, கடைசி சில வினாடிகளில் டேரன் ஆல்பர்ட் கோட்டைத் தாண்ட, 22க்கு 16 என்று ஜெயித்தது. வேலை போகப்போகிற ஒரு ஊர் அன்றைக்கு ராத்திரி தெருவில் ஆடியது. காசு கொடுத்து அணியை உண்டாக்கலாம் நடுவர் அவர்களே. அந்த அழுகையையும் ஆட்டத்தையும் எந்த சேனல் உண்டாக்கும்? (பலத்த கைதட்டல்)

1997 டிசம்பரில் ரெண்டு தரப்பும் சமாதானம் ஆனார்கள். என்.ஆர்.எல். என்று ஒரே லீக், 1998இல் 20 அணிகள். ஆனா சமாதானப் பத்திரத்தில் ஒரு வரி. 2000இல் 14 அணிதான் இருக்கணும். அப்போ ஆறு அணி எங்கே போவது? சிலவற்றை மூடினார்கள். சிலவற்றை இணைத்தார்கள். செயின்ட் ஜார்ஜும் இல்லவாராவும் ஒன்று. பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் ஒன்று. சவுத் சிட்னி மட்டும், ‘நாங்க யாரோடயும் சேர மாட்டோம், எங்க பேரை விட மாட்டோம்’ என்று நின்றது. 1999 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. சவுத் சிட்னிக்கு இடம் இல்லை என்று அறிவித்தார்கள். 20 முறை பட்டம் வென்ற அணி! அதைவிட அதிகமாக வென்ற அணி வேறு கிடையாது.

திங்கட்கிழமை காலை. தேநீர் இடைவேளை. பெரியவர் வந்தார். உட்கார்ந்தார். பேசல. எனக்கு இங்கிலீஷ் வராத காலத்துல நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, அப்படி உட்கார்ந்திருந்தார். நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “மேட், என் அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டின டீம்.” அவ்வளவுதான்.

எனக்கு அது புரிந்தது. ஊரை விட்டு வந்தவனுக்குத் தெரியாதா, ஒரு ஊர் இல்லாமல் போவது என்றால் என்னவென்று? நான் விமானம் ஏறி வந்து ஊரை இழந்தேன். அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஊரை இழந்தார். (அமைதி)

அப்புறம் என்ன நடந்தது? ஜார்ஜ் பிகின்ஸ் என்று அந்த அணியின் தலைவர், பழைய ஆட்டக்காரர், கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். ஒன்பது நாள் கழித்து, 2000 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் டவுன் ஹாலை நோக்கி நடந்தார்கள். 80,000 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் ஒருத்தன் நான். ரெட்ஃபெர்னின் பழங்குடி மக்கள் வந்தார்கள். கிரேக்கக் கடைக்காரர் வந்தார். எதிர் அணியின் சட்டை போட்டவர்கள்கூட வந்தார்கள். ஒரு பாட்டி ஒரு அட்டையில் முயல் படம் வரைந்து தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவர் தன் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார். நவம்பர் மாசம், கொளுத்துற வெயில், கம்பளித் துண்டு! (சிரிப்பு) நான் எடுக்கல ஐயா. எடுக்க மனசு வரல.

2001 ஜூலை 6. ஃபெடரல் கோர்ட் மேல்முறையீட்டில் சவுத் சிட்னி ஜெயித்தது. 2002இல் திரும்ப ஆட வந்தது. எதிரணித் தலைவர் சட்டம் படித்தவர், அவர் இதை எடுப்பார் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். 2003இல் ஹை கோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றி நியூஸ் நிறுவனத்தின் பக்கம் சொன்னது. சட்டம் அவங்க பக்கம். ஆனா அணி? உள்ளே வந்த அணியை மறுபடி வெளியே அனுப்ப ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. கோர்ட்டில் தோற்று ஊரில் ஜெயித்த கதை இது! (கைதட்டல்)

“டிவி போனால் காசு போய்விடும்” என்றார்கள் சகோதரி. 2012 பிப்ரவரியில் நியூஸ் நிறுவனம் லீக்கின் உடைமையிலிருந்து விலகியது. ஆட்டத்தை நடத்த ஒரு தனி ஆணையம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அந்த ஆணையம் ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமையை விற்றது. எவ்வளவுக்கு? 100 கோடி டாலருக்கு மேல். வாங்கியவர்கள் யார்? டிவிக்காரர்கள்தான்! வீட்டுக்காரனாக இருந்தவன் வாடகைக்காரனாக வந்தபோது வாடகை கூடியது. டிவி போகவில்லை, காசும் போகவில்லை. சாவி மட்டும் கை மாறியது. என் கட்சி அவ்வளவுதான். டிவி காட்டட்டும். காசு கொடுக்கட்டும். எந்த ஊர் உயிரோடு இருக்கணும்னு அது தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 2014 அக்டோபர் 5. ஹோம்புஷ் பெரிய மைதானம். நம்ம தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில்தான். சவுத் சிட்னி 43 வருஷம் கழித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே கேன்டர்பரி. மைதானத்தில் 83,833 பேர். முதல் மோதலிலேயே சாம் பர்ஜஸ் என்ற இங்கிலாந்துக்காரருக்குக் கன்னத்து எலும்பு உடைந்தது. 80 நிமிஷமும் ஆடினார். 30க்கு 6.

பெரியவருக்கு அப்போது 77 வயது. மைதானத்துக்கு வர முடியல. ஆஸ்பத்திரியில் இருந்தார். 1971இல் சவுத் சிட்னி கடைசியாக ஜெயித்தபோது மைதானத்தில் நின்று கத்தியவர், இப்போ கட்டிலில். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு சின்ன டிவி. ஆமாம் நடுவர் அவர்களே, டிவி. அதில்தான் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ‘மேட்’னு மட்டும் சொன்னார். பொங்கலுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டார். அந்தத் துண்டு என் வீட்டில் இருக்கிறது.

எதிரணி நண்பர்கள் எழுந்து, “பார்த்தீர்களா, டிவிதானே கடைசியில் காட்டியது?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். காட்டியது டிவி. ஆனால் காட்டுவதற்கு அங்கே ஒரு சவுத் சிட்னி இருந்ததே, அதை உயிரோடு வைத்தது யார்? நடந்தார்களே, அந்த 80,000 பேர்! டிவி பேச்சைக் கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தச் சுவரில் ஏதோ ஒரு ஆட்டம் ஓடியிருக்கும். அவருடைய ஆட்டம் ஓடியிருக்காது. (நீண்ட கைதட்டல்)

ஆகவே, விளையாட்டைத் தொலைக்காட்சி வளைத்தது, வளைத்ததை ஜனங்கள் நிமிர்த்தினார்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என நடுவர் அவர்களை வேண்டி, பத்தாவது நிமிஷத்தில் ஜோக் சொல்ல மறந்ததற்கு அந்தத் தம்பியிடம் மன்னிப்பும் கேட்டு (சிரிப்பு) விடைபெறுகிறேன்.